ஓஆர் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங்கில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பி.இ. மெக்கானிக்கல். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசை. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (ஓஆர்), சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் இரண்டையும் ஒரே துறையில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களைப் பார்த்தேன், எதில் சேர்வது என்று புரியவில்லை. நண்பர்கள் "அதெல்லாம் பழைய சப்ஜெக்ட், டேட்டா சயின்ஸ் எடு" என்கிறார்கள். அப்பா, "அதை முடிச்சா என்ன வேலைக்குப் போவே?" என்கிறார். கடன் வாங்கித்தான் போக வேண்டும். என்ன செய்யலாம்?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

அப்பாவுக்குப் பதில் சொல்வதிலிருந்தே ஆரம்பிக்கலாம், அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் உங்கள் குழப்பமும் பாதி தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காக ஓஆர் வேலையைச் செய்த பிலிப் மோர்ஸும் ஜார்ஜ் கிம்பலும் ஒரு சின்ன விஷயத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு முகாமில் சாப்பிட்டு முடித்த சிப்பாய்கள் தட்டு கழுவ நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். நான்கு தொட்டிகள், இரண்டு கழுவ, இரண்டு அலச. அங்கே வந்த ஆய்வாளர் நின்று கவனிக்கிறார்: அலசுவதைப் போல மூன்று மடங்கு நேரம் கழுவ ஆகிறது. அலசும் தொட்டி ஒன்றைக் கழுவுவதற்கு மாற்றச் சொல்கிறார். அவ்வளவுதான். புதுத் தொட்டி வாங்கவில்லை, ஆள் போடவில்லை. பெரும்பாலான நாட்களில் வரிசையே இல்லாமல் போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அலச ஒரு நிமிடம், கழுவ மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பழைய ஏற்பாட்டில் மூன்று நிமிடத்துக்கு இரண்டு பேர்தான் முடித்துவிட்டுப் போக முடியும், அலசும் தொட்டிகள் மூன்றில் இரண்டு பங்கு நேரம் சும்மா இருக்கும். புதிய ஏற்பாட்டில் மூன்று பேர். கூடியது ஒன்றரை மடங்குதான், அப்படியிருக்க வரிசை ஏன் கொஞ்சம் குறைவதோடு நிற்காமல் அடியோடு காணாமல் போனது? ஆட்கள் வருகிற வேகம் கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை ஒரே சீராக வளர்வதில்லை, கடைசியில் தாறுமாறாக வீங்கும். கொள்ளளவில் கொஞ்சம் இடம் விட்டால் அதே வேகத்தில் வற்றிவிடும். இதற்கான கணிதத்தைத்தான் முதல் வருடத்தில் ஒரு பாடமாகப் படிப்பீர்கள். ஆக அப்பாவிடம், "இருக்கிற ஆளையும் மெஷினையும் வைத்து எப்படி நடத்தினால் நல்லது என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை" என்று சொல்லுங்கள். விமான கம்பெனியில் பைலட்டுகளுக்கு டியூட்டி போடுவது, கூரியர் கம்பெனியில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்பது, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரை யாருக்கு எப்போது ஒதுக்குவது, எல்லாம் இதில் வரும்.

பழைய சப்ஜெக்ட் என்றால், ஆமாம், பழையதுதான். இருக்கிற வசதிக்குள் சிறந்த திட்டத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற சிம்ப்ளெக்ஸ் முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்ஸிக் கொண்டுவந்தது 1947-இல். மோர்ஸ் எம்.ஐ.டி.யில் ஓஆர் மையம் தொடங்கியது 1953-இல். அவரிடம் படித்த ஜான் லிட்டில் 1955-இல் வாங்கியதைத்தான் இந்தத் துறையின் முதல் பிஎச்.டி. என்பார்கள். அதே லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒரே வரி: உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை, வருகிற வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே இருக்கிற சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் 3,000 பம்ப் பாதி வேலையில் கிடக்கிறது, நாளுக்கு 200 வெளியே போகிறது என்றால் ஒரு பம்ப் உள்ளே சராசரியாக 15 நாள் இருக்கிறது. சேல்ஸ் ஆள் 10 நாளில் தருகிறேன் என்று டீலரிடம் சொல்லியிருந்தால் அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார். பழையதோ புதியதோ, இந்தக் கணக்குக்கு வயதாகவில்லை.

டேட்டா சயின்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. அடுத்த மாதம் எந்த மாடல் எத்தனை போகும் என்று அது ஊகித்துச் சொல்லும். சரி, அப்புறம்? எந்த மெஷினில் எதை முதலில் ஓட்டுவது, எவ்வளவு ஸ்டாக் வைப்பது, ஊகம் தப்பினால் எந்தப் பக்கம் தப்பினால் நஷ்டம் குறைவு என்று யாரோ முடிவு செய்ய வேண்டுமே. ஓஆர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தவிர, ஓஆர் எம்.எஸ்.ஸிலேயே புள்ளியியலும் நிரலாக்கமும் போதுமான அளவு வரும். அங்கிருந்து டேட்டா சயின்ஸுக்குத் தாவியவர்கள் ஏராளம், எதிர்த்திசையில் வருகிறவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் வேறு மாதிரி. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்குப் போய்ச் சேர்கிற நேரத்தில் தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்தத்தின் அளவை பவுண்டு விசையில் கொடுத்தது, அதை வாங்கிக்கொண்ட தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தன் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது, கோட்டை விட்டது நடுவில். அந்த நடுவைக் கவனிப்பதுதான் சிஸ்டம்ஸ்காரரின் வேலை: என்ன வேண்டும் என்று எழுதி வாங்குவது, யார் யாருக்கு எதை எந்த வடிவில் தருவது என்று கட்டுவது, கேட்டதைத்தான் செய்திருக்கிறார்களா என்று சோதிப்பது. அருமையான வேலை. ஆனால் ஒரு பெரிய புராஜெக்டில் அடிபட்டு ஐந்தாறு வருடம் கழித்துப் படித்தால்தான் அந்தப் பாடங்களுக்கு ருசி இருக்கும், அதற்கு முன் வெறும் படிவமும் பெட்டி வரைபடமுமாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். நீங்கள் ஓஆர் எடுங்கள். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் வர்ஜீனியாவில் இருக்கிற ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் போல இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கிற இடமானால் சிஸ்டம்ஸில் ஒன்றிரண்டு பாடம் எடுத்துக்கொள்ள முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வாஷிங்டனைச் சுற்றியுள்ள இந்தத் துறை வேலைகளில் பெரும்பகுதி ராணுவம் சம்பந்தப்பட்டது, அமெரிக்கக் குடியுரிமையும் பாதுகாப்பு அனுமதியும் கேட்பார்கள். உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. பழைய மாணவர்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று துறையில் கேட்கும்போது, வெளிநாட்டு மாணவர்கள் எங்கே போனார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

கடன் விஷயம். எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும், பிஎச்.டி.க்கு ஃபீஸ் தள்ளுபடியும் உதவித்தொகையும் சேர்ந்தே வரும். கடன் பயமாக இருந்தால் இங்கேயே ஐஐடி பம்பாயில் இதற்கென்றே துறை இருக்கிறது, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் (ஐஎஸ்ஐ) எம்.டெக். இருக்கிறது, டெல்லி பல்கலைக்கழகத்தின் ஓஆர் துறை 1973-லிருந்து நடக்கிறது. பாதிப் பேர் இவற்றை விசாரிக்காமலே வங்கிக்குப் போகிறார்கள்.

வங்கிக்கு முன்னால் இன்னொன்றும் செய்யுங்கள். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசன் எடுத்த ஓஆர் வகுப்புகள் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. டூயாலிட்டி என்ற பாடம் வரும்வரை பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு மெஷினில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்பதை, மெஷினை வாங்காமலே, ஏற்கெனவே போட்ட கணக்குக்குள்ளிருந்தே எடுத்துவிடலாம் என்று அங்கே வரும். அதைப் பார்த்து உங்கள் லேத் மெஷினுக்கு ஒரு தடவை போட்டுப் பார்க்கத் தோன்றினால் விண்ணப்பியுங்கள். தூக்கம் வந்தால் வேண்டாம், இரண்டு வருடமும் இதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

விண்ணப்பக் கட்டுரை எழுதினால் எனக்கு அனுப்புங்கள். சின்ன வயதிலிருந்தே கணக்கில் ஆர்வம் என்று தொடங்க வேண்டாம். உங்கள் பிளாண்ட்டில் எது எதற்காகக் காத்துக்கிடக்கிறது, எவ்வளவு நேரம் என்று எண்களோடு எழுதுங்கள்.