ராஸ்பெர்ரி கன்று: பச்சையாக இருந்தால் போதுமா?

கேள்வி: என் ராஸ்பெர்ரிச் செடிகளில் பழத்தைப் பறித்தாலே உதிர்ந்துவிடுகிறது. செடியை மாற்ற நினைக்கிறேன். தெரிந்தவர் தன் தோட்டத்துப் பக்கக் கன்றுகளைச் சும்மாவே தருகிறார். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கின்றன. நர்சரியில் 'வைரஸ் பரிசோதனை செய்தது' என்று விற்கும் கன்றுக்கு விலை அதிகம். அவ்வளவு கொடுக்க வேண்டுமா? அல்லது பழைய செடிக்கே மருந்து வாங்கலாமா?

பதில்: மருந்து வேண்டாம். வைரஸ் பிடித்த செடியைக் குணமாக்கும் மருந்தே கிடையாது. அப்படிச் சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

ஒரு ராஸ்பெர்ரிப் பழம் என்பது ஏறக்குறைய 100 குட்டி மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் சூல் பிடிக்க வேண்டும். பாதி பிடிக்காமல் போனால் மீதி மணிகள் பொலபொலவென்று கொட்டிவிடும். பூக்கும் நேரத்தில் தொடர்மழை பெய்தாலும், தேனீ வரத்துக் குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் வருடா வருடம் அதே செடியில் நடந்தால் 'ராஸ்பெர்ரி புஷ்ஷி டுவார்ஃப்' வைரஸைச் சந்தேகிக்கலாம். இது மகரந்தம் வழியாகப் பரவுகிறது. பூவுக்குப் பூ தாவும் தேனீ நோய்ச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தால், விதை மட்டுமல்ல, முழுச் செடியும் நோயாளியாகிவிடும்.

சும்மா கிடைக்கும் கன்றுகளை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு வைரஸ் இருக்கும் செடி பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. இரண்டு மூன்று சேர்ந்த பிறகுதான் நலியத் தொடங்கும். தாய்ச்செடியில் இருப்பது பக்கக் கன்றிலும் இருக்கும். வேரோடு வரும் மண்ணில், வேறு சில வைரஸ்களைச் சுமக்கும் நூற்புழுக்களும் கூடவே வரலாம்.

சரி, கூடுதல் விலை கொடுக்கும்போது என்ன கேட்பது? தாய்ச்செடியை எந்தெந்த வைரஸுக்குச் சோதித்தார்கள், கடைசியாக எப்போது, பூச்சி புகாத வலைக்கூடத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 'திசு வளர்ப்புக் கன்று' (தாய்ச்செடியின் சிறு துணுக்கை ஆய்வகத்தில் வளர்த்து எடுத்த கன்று) என்ற ஒரு வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். சோதிக்காத தாயிலிருந்து எடுத்திருந்தால் வைரஸும் சேர்ந்தே பெருகியிருக்கும். ரகத்தின் பெயரையும் சோதனை விவரத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினியை எதிர்க்கும் ரகம் இருந்தால் அதையே எடுங்கள், அசுவினி பரப்பும் வைரஸ்கள் தனியாக ஒரு கூட்டம்.

நல்ல கன்றுக்கும் பிறகு நோய் ஒட்டலாம். அதனால் பழைய செடியை முதலில் வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள். விட்டுப்போன வேரிலிருந்து துளிர்ப்பதையும் பிடுங்குங்கள். புதியதை அதே குழியில் நடாமல், காட்டு ராஸ்பெர்ரிப் புதர்களிலிருந்து தள்ளி வேறு இடத்தில் நடுங்கள்.