மீனுக்குத் திரும்பும் மயிர் செல்கள் நமக்கு ஏன் திரும்புவதில்லை?

கேள்வி: பல ஆண்டுகள் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்த என் தந்தைக்குக் காது மந்தமாகிவிட்டது. போன செவித்திறன் திரும்பாது என்கிறார் மருத்துவர். ஆனால் மீன்களுக்குக் காதிலுள்ள செல்கள் மீண்டும் வளர்வதாகச் செய்தி ஒன்றில் படித்தேன். மீனுக்கு இயல்வது மனிதனுக்கு ஏன் இயலவில்லை?

பதில்: மருத்துவர் கூறியதும் சரி, தாங்கள் படித்ததும் பெரும்பாலும் சரி. நம் உட்செவியில் ஒலியை உணரும் நத்தைச்சுருள் வடிவ உறுப்பான கோக்லியாவில், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 மயிர் செல்கள் உள்ளன. இவற்றின் உச்சியிலுள்ள நுண்மயிர்க் கற்றைகள் ஒலியதிர்வால் சாயும்போது செல்லுக்குள் அயனிகள் புகுகின்றன. அந்த மாற்றமே நரம்பின் வழியாக மூளைக்குச் சென்று ஒலியாக உணரப்படுகிறது. பேரிரைச்சல், முதுமை, ஜென்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின் ஆகியவற்றால் இச்செல்கள் மடிந்தால், அவற்றுக்கு மாற்றாகப் புதியவை பிறப்பதில்லை.

செய்திகள் 'மீனின் காது' என்று எழுதினாலும், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மீனின் காதில் நடப்பவை அல்ல. நீரோட்டத்தை உணர்வதற்காக மீனின் தலையிலும் உடலின் இருபுறமும் பக்கக்கோடு என்னும் உறுப்பு அமைந்திருக்கிறது. அதில் ஆங்காங்கே சிறு கொத்துகளாக, நம் காதில் உள்ளவற்றை ஒத்த மயிர் செல்கள் தோலின் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சிறு மீனான வரிக்குதிரை மீனின் இளங்குஞ்சு சில மில்லிமீட்டர் நீளமே உடையது. உடலும் ஒளி ஊடுருவக்கூடியது. ஆகவே, உயிருள்ள குஞ்சை அறுக்காமலேயே நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்க முடிகிறது. ஒளிரும் சாயம் கலந்த நீரில் குஞ்சைச் சிறிது நேரம் விட்டால், மயிர் செல்கள் மட்டும் அதை உறிஞ்சி மின்னுகின்றன. பின்னர், மயிர் செல்களைக் கொல்லும் நியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கலந்த நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மின்னிய புள்ளிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். மறுநாளே புதிய செல்கள் தலைகாட்டத் தொடங்கி, இரண்டு மூன்று நாள்களில் கொத்து ஏறக்குறைய பழைய நிலையை அடைகிறது.

புதிய செல்களைத் தருபவை, மயிர் செல்களைச் சூழ்ந்திருக்கும் தாங்கு செல்கள். அவற்றுள் சில இரண்டாகப் பகுபட்டு, இரு மயிர் செல்களாகவே மாறிவிடுகின்றன. வேறு சில, தாங்கு செல்களின் கையிருப்பு குறையாதபடி தம்மைப் பெருக்கிக்கொள்கின்றன. இவ்விரு பகுப்புகளையும் செல் பகுப்பைத் தூண்டும் வெவ்வேறு சைக்ளின் டி மரபணுக்கள் இயக்குகின்றன என்று அமெரிக்காவின் ஸ்டோவர்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2025இல் அறிவித்தனர். அவற்றுள் ஒரு மரபணுவை முடக்கியபோது உரிய தாங்கு செல்கள் பகுபடவில்லை. ஆயினும் பகுபடாமலேயே மயிர் செல்லாக மாறின. பகுப்பும் உருமாற்றமும் தனித்தனியே பிரிக்கக்கூடியவை என்பதால், என் கணிப்பில் இது கவனத்துக்குரிய கண்டுபிடிப்பு.

இனி, தங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். நம் கோக்லியாவிலும் தாங்கு செல்கள் உண்டு. மயிர் செல்லை உருவாக்கும் அடோ1 என்னும் மரபணுவும் உண்டு. ஆனால் மயிர் செல்கள் மடிந்த பிறகும் பாலூட்டிகளின் தாங்கு செல்கள் அசைவதில்லை. பி27 போன்ற புரதங்கள் அவற்றின் பகுப்புக்குத் தடை போடுகின்றன. பிறந்த சில நாள்களே ஆன சுண்டெலிக்குட்டியில் ஓரளவு காணப்படும் மீளுருவாக்கத் திறனும் விரைவில் மங்கிவிடுகிறது. மயிர் செல்கள் மீண்டும் வளர்வது மீனுக்கு மட்டுமே உரிய வரமும் அன்று: பறவைகளின் காதிலும் மயிர் செல்கள் மீண்டும் தோன்றுகின்றன என்பது 1988இலேயே வெளியாயிற்று. ஆகவே, திறனை முடக்கிக்கொண்டவர்கள் பாலூட்டிகளாகிய நாம்தாம்.

கேள்வி: அப்படியானால், காதுக்கருவி வாங்குவதைத் தள்ளிப்போட்டு, மயிர் செல்களை மீட்கும் சிகிச்சைக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். மயிர் செல்களை மீட்டுத் தரும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்று எங்கும் இல்லை. பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட எஃப்எக்ஸ்-322 என்னும் மருந்தும் 2023இல் இரண்டாம் கட்டப் பரிசோதனையில் தோற்றது.

கேள்வி: மீன் ஆராய்ச்சியால் இப்போதைக்குப் பயனே இல்லையா?

பதில்: உண்டு; அது மீட்பதைவிடக் காப்பதில் முதலில் கிட்டக்கூடும். பக்கக்கோட்டுச் செல்கள் நேரடியாக நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால், ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் குஞ்சுகள் வாழும் நீரில் கலந்து, நியோமைசினிடமிருந்து அச்செல்களைக் காப்பது எது என்று விரைவாகச் சலித்தெடுக்கலாம். இவ்வழியில் கிடைத்த ஒரு சேர்மத்தை மேம்படுத்தி உருவாக்கிய ஓஆர்சி-13661 என்னும் மருந்து மனிதர்களிடம் பரிசோதிக்கப்படும் நிலையை எட்டியது. ஆனால் மனிதனின் உட்செவியோ எலும்புக்குள் புதைந்து, இரத்தத்திலுள்ள பல பொருள்களை உள்ளே விடாத தடுப்போடு அமைந்தது. எனவே மீனில் வென்ற ஒவ்வொரு சேர்மமும் எலி முதலிய பாலூட்டிகளிடம் மறுபடியும் தேறியாக வேண்டும்.