நாலு இலட்சம் பார்வை, ஒரு கதிரைக்கும் ஓடர் இல்லை

கேள்வி: திருகோணமலைப் பாலையூற்றில் முப்பது வருடமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, யன்னல், கட்டில், அலுமாரிதான் வேலை. போன வருடத்திலிருந்து மகன் நான் வேலை செய்வதைப் போனில் எடுத்துப் பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் போடுகிறான். ஒன்றை நாலு இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கதிரைக்குக்கூட ஓடர் வரவில்லை. வெளிநாட்டு மரவேலைச் சனல்களில் இருப்பது போல டேபிள் சோ (மேசை வாள்), பெரிய பிளேனர் (இழைப்பு மெஷின்), தூசி உறிஞ்சும் மெஷின் எல்லாம் இருந்தால்தான் ஆட்கள் மதிப்பார்கள், லீசிங்கில் எடுப்போம் என்று நிற்கிறான். எடுக்கலாமா?

பதில்: லீசிங் பத்திரத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். 22 விநாடி. முதிரைப் பலகையில் சீவுளி ஓடுகிறது, சீவல் சுருண்டு சுருண்டு உங்கள் புறங்கையில் விழுகிறது, கடைசியில் பலகையை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்க்கிறீர்கள். யாருக்குத்தான் பிடிக்காது? நானே மூன்று தரம் பார்த்தேன். ஆனால் பார்த்து முடித்த பிறகும் இவர் எந்த ஊர், என்ன செய்து விற்கிறார், எந்த நம்பருக்கு எடுப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் கதவு செய்கிறவர் என்பதே உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சரி, கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மகனோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலும் ‘இது என்ன மரம்?’, ‘சீவுளி எங்கே வாங்கினீர்கள்?’ என்ற கேள்விகள்தான். கேட்பவர்கள் வேலைக்காரர்கள், அல்லது வேலை பழக ஆசைப்படுகிறவர்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கட்டில் அனுப்புவீர்களா என்று கேட்டிருக்கிறார். பாவம், கப்பல் கூலி கட்டிலைவிடக் கூட வரும். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு வரி கிடக்கிறது: ‘அண்ணை, உவர்மலையில அம்மாவின்ர வீடு. முன் கதவும் நாலு யன்னலும் மாத்த வேணும். எவ்வளவு முடியும்? நான் கனடாவில.’ எழுதி மூன்று கிழமை. யாரும் பதில் போடவில்லை.

ஓடர் வரவில்லை என்கிறீர்கள். வந்திருக்கிறது ஐயா, அது அங்கேயே கிடக்கிறது.

மகன் பார்க்கும் சனல்காரர்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். கனடாவின் மத்தியாஸ் வாண்டல் முன்பு பிளாக்பெரி போன் செய்த கம்பனியில் பொறியியலாளராக இருந்தவர். பட்டறைக் கருவிகளை மரத்தாலேயே செய்து காட்டி, அவற்றின் வரைபடங்களை விற்கிறார். அமெரிக்காவின் ஸ்டீவ் ராம்சி வார இறுதியில் பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்களுக்குக் கட்டணப் பாடநெறி நடத்துகிறார். மார்க் ஸ்பனுவோலோவுக்கும் கட்டண வகுப்பு இருக்கிறது. இவை போக விளம்பரப் பணம், கருவிக் கம்பனிகளின் அனுசரணை, காணொளிக்குக் கீழே போடும் கடை இணைப்புகள் எல்லாம் இந்தத் துறையில் வழக்கமான வரும்படி. அங்கே பார்க்கிறவர் தானும் மரவேலை செய்ய ஆசைப்படுகிறவர். பாடத்தையும் வரைபடத்தையும் கருவியையும் வாங்கப் போகிறவரும் அவரே. அதனால் பட்டறை நிறைய மெஷின் நிற்பது அவர்களுக்குக் கடைக் கண்ணாடியில் சாமான் அடுக்கி வைப்பது மாதிரி.

உங்களிடம் வாங்குகிறவருக்குச் சீவுளி பிடிக்கத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கதவு மாரியில் இறுகக் கூடாது, கறையான் ஏறக் கூடாது, சொன்ன திகதியில் வந்து சேர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மெஷின் இருந்தால்தான் மதிப்பு என்பதும் சரியில்லை. இங்கிலாந்தின் போல் செலர்ஸ் உளியையும் வாளையும் சீவுளியையும் வைத்தே உலகம் முழுக்க மாணவர் சேர்த்தவர். யப்பானின் இஷிதானி என்ற தளபாடக்காரரின் காணொளிகளில் பேச்சே இல்லை, மரமும் கையும் மெஷினும்தான். மெஷின் வைத்திருந்தாலும் அவர் உங்களைப் போலத் தளபாடம் செய்து விற்கிறவர். பின்பற்றுவதென்றால் மகன் அவரைப் பார்க்கட்டும்.

யூடியூப்பே சம்பளம் தராதா என்று மகன் கேட்பார். முழு விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி (ஷோர்ட்ஸ்) வழியென்றால் 90 நாளில் 1 கோடி பார்வை. குறுங்காணொளி ஓடுகிற நேரம் அந்த 4,000 மணியில் சேராது. கணக்குப் போடுங்கள்: 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரி 3 நிமிடம் பார்த்தால் 80,000 தரம் உங்கள் நீளக் காணொளிகள் ஓட வேண்டும். கிடைத்தாலும் 100 டொலர் சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். லீசிங் தவணை அதுவரை காத்திருக்காது. இரண்டு நிலைக் கதவில் கிடைக்கும் கூலியை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெஷின் ஒருநாள் வேண்டியிருக்கும், ஓடர் பெருகி, கை போதாமல் போகும்போது. அப்போதும் அமெரிக்கச் சனலில் பார்த்த மொடலைத் தேடி அலைய வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நமக்கு 230, 50. ட்ரான்ஸ்போமர் போட்டு வோல்டைச் சரிக்கட்டினாலும், டேபிள் சோ மாதிரிப் பெரிய மெஷின்களில் வரும் இன்டக்ஷன் மோட்டர் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துதான் ஓடும். இன்னொன்று, பல காணொளிகளில் கெமராவுக்குத் தெரிய வேண்டும் என்று டேபிள் சோவின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருப்பார்கள். மகன் அதையும் சேர்த்துப் பழகிவிடப் போகிறார், கவனம்.

இனி நான் பட்ட பாடு ஒன்று. சில வருடங்களுக்கு முன் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதிக்குப் பலாப் பலகையில் சாப்பாட்டு மேசை செய்தேன். ஒரு அமெரிக்கக் காணொளியைப் பார்த்து இரண்டு முனையிலும் குறுக்குச் சட்டம் கோத்தேன். அவர் சட்டத்தின் நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரங்கள் அசைய இடம் விட்டிருக்கிறார். நான் வேகமாக ஓட்டிப் பார்த்ததில் அது கண்ணில் படவில்லை, முழு நீளத்துக்கும் பசையைப் பூசி இறுக்கிவிட்டேன். மார்கழி மழையில் ஈரம் குடித்திருந்த பலகை, விடுதியில் ஏசி அறைக்குள் போய்க் காய்ந்து சுருங்கப் பார்த்தது, இறுக்கிய சட்டம் விடவில்லை. பங்குனி வருமுன் நடுப் பலகைகளுக்கிடையில் வங்கி அட்டை நுழைகிற அளவுக்குப் பிளவு. மேசையைத் திரும்ப எடுத்து, காசையும் கொடுத்தேன். அது இப்போது என் வீட்டுக் குசினியில் நிற்கிறது.

அந்தச் சனல்களில் பலகையின் ஈரம் 6 முதல் 8 வீதத்துக்கு இறங்க வேண்டும் என்பார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்கு அது சரி. நம் காற்றில் ஈரப்பதம் 65 வீதம் என்றால் மரம் 12 வீதத்தில் நிற்கும், 80 என்றால் 16ஐத் தொடும். கச்சான் காய்ச்சுகிற மாதத்தில் ஒரு அளவு, வாடை மாரியில் இன்னொரு அளவு. 8 வீதத்தில் இறுக்கமாகப் பொருத்திய கதவு இங்கே ஐப்பசியில் திறக்காது. இதெல்லாம் உங்களுக்குக் கைப்பழக்கம், மகனுக்குத்தான் புதிது. காணொளியில் இதைப் பேசும்படி மகனிடம் சொல்லுங்கள்.

என்ன எடுப்பது? கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு இங்கே அம்மா அப்பாவின் வீட்டைத் திருத்துகிறவர்கள்தான் உங்கள் ஆட்கள். அவர்களால் வந்து தொட்டுப் பார்க்க முடியாது. கதவுச் சட்டத்தின் மூட்டைப் பசை வைக்கும் முன் காட்டுங்கள். பலகையின் மேல் டேப்பை வைத்துத் தடிப்பைக் காட்டுங்கள். கடலுக்குக் கிட்டிய வீட்டுக்கு ஏன் சாதாரண இரும்புப் பிணைச்சல் போடாமல் 316 தரத் துருப்பிடிக்காத உருக்குப் போடுகிறீர்கள் என்று இரண்டு வசனம் சொல்லுங்கள். போன மாரிக்குப் பூட்டிய கதவை இந்த மாரியில் போய்த் திறந்து மூடிக் காட்டினால் அதைவிடச் சாட்சி வேண்டாம். காணொளிக்குக் கீழே முதல் வரியில் ஊர், செய்யும் சாமான், வட்ஸ்அப் நம்பர். இன்ன மரம், இன்ன அளவு, இன்ன விலை என்று மாதத்துக்கு ஒரு தரம் போடுங்கள். விலை சொன்னால் பார்வை குறையலாம், குறையட்டும். சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கள், உரிமைக்காரர் கேட்டால் சத்தத்தை வெட்டிவிடுவார்கள். சீவுளிச் சத்தமே போதும்.

என்ன மரம் என்று கேட்கிறவர்களுக்கும் பதில் போடலாம். சவண்டலை என்ற நம் ஊர் மரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே ‘திருகோணமலை மரம்’தான். முன்பு சென்னைக் கரையில் அலையைக் கடந்து ஓடிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் போனது. இந்தக் கதையைச் சொல்ல எந்த அமெரிக்கனுக்கு உங்களைவிட உரிமை? முதிரை இழைக்கும்போது மட்டும் முகத்தை மூடிக்கொண்டு எடுங்கள், அந்தத் தூள் தோலை அரிக்கும் என்பதையும் சொல்லுங்கள். ஏற்றி வந்த முதிரை, தேக்கு மரத்துக்கு அனுமதிப் பத்திரம் கையில் இருக்கட்டும். காணொளியை வனத் திணைக்கள உத்தியோகத்தரும் பார்ப்பார். கருங்காலிப் பக்கமே போக வேண்டாம்.

முதல் வேலையாக அந்த உவர்மலை வீட்டுக்காரருக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள். நிலையோடு வேண்டுமா, கதவு மட்டுமா, வீடு கடலுக்கு எவ்வளவு தூரம், அளவெடுக்க அம்மாவிடம் எப்போது போகலாம் என்று கேளுங்கள். மூன்று கிழமை பிந்தியதற்கு ஒரு சொல் மன்னிப்பும் கேளுங்கள். அவர் இருப்பது டொராண்டோ என்றால், இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அங்கே அப்போது காலை பத்து மணி வாக்கில் இருக்கும்.