ரூல் எந்த வரிசைல இருக்கு? ஃபயர்வால் சர்டிஃபிகேஷன் கேள்வி பதில்

கேள்வி: சார், மூணு வருஷமா டெஸ்க்டாப் சப்போர்ட்ல இருக்கேன், ஃபயர்வால் பக்கம் போகணும்னு ஆசை. மாமா வீட்டு பரண்ல ஐஎஸ்ஏ சர்வர் 2000, எக்ஸாம் 70-227னு தடியா ஒரு புக் கிடைச்சுது. அத வெச்சு படிக்கலாமா, இல்ல எடைக்கு போட்டுடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: எடைக்கு போடாதீங்க தம்பி, ஆனா அத நம்பி பரிட்சைக்கும் போய்டாதீங்க, அந்த எக்ஸாமே இப்ப கிடையாது. ஐஎஸ்ஏங்கறது மைக்ரோசாஃப்ட்டோட ஃபயர்வால், ப்ராக்ஸி ரெண்டும் சேந்த சாஃப்ட்வேர்: ஃபயர்வால்னா நெட்வொர்க்குக்கு உள்ள எது வரலாம், வெளிய எது போகலாம்னு ரூல் வெச்சு பாக்கற காவல்காரன், ப்ராக்ஸினா யூசருக்கு பதிலா தானே சைட்டுக்கு போய் வாங்கித் தர்ற இடைத்தரகன். 1996ல ப்ராக்ஸி சர்வர்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஐஎஸ்ஏ 2000, 2004, 2006னு வரிசையா வந்துச்சு, கடைசில ஃபோர்ஃப்ரன்ட் டிஎம்ஜி 2010னு பேர் மாத்தினாங்க, 2012ல இத நிறுத்தப் போறோம்னு சொல்லிட்டு 2020 ஏப்ரல் 14ஓட சப்போர்ட்டுக்கும் பூட்டு போட்டாச்சு.

ஆனா அந்த புக்ல என்ன கேட்டிருக்கான்னு ஒரு தடவ பொரட்டிப் பாருங்க. எது உள் நெட்வொர்க் எது வெளி நெட்வொர்க், யூசர் எந்த வழியா வெளிய போறான், உள்ள இருக்கற மெயில் சர்வர வெளிய எப்படி காட்டறது, விபிஎன் (இன்டர்நெட் நடுல பூட்டுப் போட்ட தனி பாதை), கேஷ் (ஒரு தடவ வந்த பக்கத்த எடுத்து வெச்சு திரும்ப குடுக்கறது), லாக் (யார் எங்க போனாங்கற பதிவு). இன்னைக்கு எந்த கம்பெனி சிலபஸ எடுத்தாலும் கேஷ தவிர மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். ஐஎஸ்ஏ 2000ல ஒரு வேடிக்க உண்டு, எந்த சைட்டுக்கு போகலாம்னு சொல்ற சைட் அண்ட் கன்டென்ட் ரூல், எந்த முறைல போகலாம்னு சொல்ற ப்ரோட்டோகால் ரூல்னு ரெண்டு இருக்கும், ரெண்டும் சம்மதிச்சாதான் பாக்கெட் (டேட்டாவோட சின்ன துண்டு) வெளிய போகும். இன்ஸ்டால் பண்ணதும் முதல் ரூல் மட்டும் தானா வந்துடும், ரெண்டாவது நாமதான் போடணும். அது தெரியாம "இன்டர்நெட்டே வரல"ன்னு நாள் பூரா கேபிள மாத்தி மாத்தி சொருகுனவங்கள்ல நானும் ஒருத்தன். 2004ல அத தூக்கிட்டு மேல இருந்து கீழ வரிசையா படிச்சு முதல்ல பொருந்தற ரூலயே எடுத்துக்கற ஒரே லிஸ்ட்டா ஆக்கினாங்க, இப்ப ஃபோர்டிகேட் (ஃபோர்டிநெட் கம்பெனியோட ஃபயர்வால்), பாலோ ஆல்டோ (இன்னொரு கம்பெனி ஃபயர்வால்) எல்லாத்துலயும் பாக்கறது அந்த மாதிரி லிஸ்ட்தான்.

கேள்வி: அண்ணா, ஃபோர்டிகேட் அட்மின் எக்ஸாமுக்கு கோர்ஸ் சேந்து ஒரு மாசம் ஆச்சு. மெனு எல்லாம் மனப்பாடம். ஆனா மாக் டெஸ்ட்ல பாதி தப்பாவே வருது. எதுல வீக்னே புரியல. (வாசகி, கோவை)

பதில்: மெனு மனப்பாடம் பண்ணதுதாம்மா வீக். பரிட்சைல "இந்த பட்டன் எங்க இருக்கு"ன்னு கேட்கறது கம்மி, ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோ நாலு வரி டீபக் அவுட்புட்டோ (பாக்கெட்ட என்ன பண்ணேன்னு ஃபயர்வாலே எழுதிக் காட்டறது) குடுத்துட்டு "ஏன் போகல"ன்னுதான் கேப்பான்.

ஒன்னு சொல்றேன், கூடவே பேப்பர்ல வரைஞ்சுக்கோங்க. யூசர் 192.168.5.10ல இருக்கான், சர்வர் 10.1.1.20, நடுல ஃபயர்வால். யூசர் "ஓப்பன் ஆகல"ன்றான். ஸ்னிஃபர் (வர்ற போற பாக்கெட்ட காட்டற டூல்) போட்டு பாக்கறோம். சின் பாக்கெட் (கனெக்ஷன் ஆரம்பிக்க அனுப்பற முதல் பாக்கெட்) ஃபயர்வால்குள்ள வந்துச்சு, ஆனா அடுத்த இன்டர்ஃபேஸ்ல வெளிய போகலன்னா தப்பு நம்மகிட்ட, பாலிசியோ (ரூலுக்கு இங்க அதான் பேரு) ரூட்டோ (எந்த வழியா அனுப்பறதுங்கற குறிப்பு). டீபக் ஃப்ளோல "பாலிசி 0"ன்னு சொல்லி டினை பண்ணிருந்தா (தடுத்திருந்தா) நம்ம போட்ட எந்த ரூல்லயும் அது மேட்ச் ஆகாம கடைசில இருக்கற கண்ணுக்கு தெரியாத டினைல போய் விழுந்திருக்குன்னு அர்த்தம். சின் உள்ள வந்து வெளியயும் போயிடுச்சு, திரும்ப ஒன்னுமே வரலன்னா சர்வர் டீம்கிட்ட தைரியமா பேசலாம், பெரும்பாலும் அந்த சர்வர்ல கேட்வே (வெளிய போற வாசல்) தப்பா குடுத்திருப்பாங்க, பதில் பாக்கெட் வேற வழியா எங்கயோ போய்ட்டிருக்கும். இதே மாதிரி, போனது வேற வழி, பதில் மட்டும் நம்ம ஃபயர்வால் வழியா வருதுன்னா செஷன் டேபிள்ல (நடந்துட்டிருக்கற கனெக்ஷன் லிஸ்ட்) அதுக்கு என்ட்ரியே இருக்காது, "நீ யார்றா"ன்னு தூக்கி போட்டுடும். இந்த நாலு கேஸையும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்ற அளவுக்கு வந்துட்டா பாதி கிணறு தாண்டியாச்சு.

அடுத்து நாட், அதாவது பாக்கெட் ஃபயர்வால தாண்டும்போது அதோட ஐபி அட்ரஸ மாத்தறது. இங்கதான் நெறைய பேர் வழுக்கி விழறாங்க, ஏன்னா ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஃபோர்டிகேட்ல வெளிய இருந்து உள்ள வர்றதுக்கு விஐபி ஆப்ஜெக்ட் (வெளி ஐபிய உள் ஐபியோட ஜோடி சேக்கறது) பண்ணி அதயே பாலிசில டெஸ்டினேஷனா வெக்கறோம். பாலோ ஆல்டோல செக்யூரிட்டி பாலிசி எழுதும்போது ஐபி நாட்டுக்கு முன்னாடி உள்ளது, ஜோன் (உள், வெளினு பிரிச்சு வெச்சிருக்கற பகுதி) மட்டும் நாட்டுக்கு அப்புறம் உள்ளது. படிக்கும்போதே தல சுத்துதா, எனக்கும் சுத்துச்சு. ஒரு தடவ கையால போட்டு பாத்தாதான் ஏறும்.

விபிஎன்ல ஃபேஸ் 1 (ரெண்டு ஃபயர்வாலும் ஒன்னையொன்னு அடையாளம் பாக்கறது), ஃபேஸ் 2 (டேட்டாவ எப்படி பூட்டறதுன்னு பேசிக்கறது) ரெண்டு பக்கமும் ஒத்துப் போகுதான்னு பாக்கத் தெரியணும். அப்புறம் டேட்டாவ பூட்டி அனுப்பற ஈஎஸ்பிக்கு போர்ட் 50னு எழுதிட்டு வந்துடாதீங்க, 50ங்கறது ப்ரோட்டோகால் நம்பர். போர்ட்டுனா யுடிபி 500, நடுல நாட் இருந்தா யுடிபி 4500.

கேள்வி: ப்ராக்ஸி எல்லாம் பழைய சமாச்சாரம், ஃபயர்வால் மட்டும் படிச்சா போதும்னு டீம்ல சொல்றாங்க. நிஜமா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படி சொல்றவர், ப்ரவுசர்ல 407 எர்ரர் (ப்ராக்ஸி பாஸ்வேர்ட் கேக்கறது) வந்தா என்ன பண்றதுன்னு கேட்டா முழிப்பாரு. எக்ஸ்ப்ளிசிட் ப்ராக்ஸினா ப்ரவுசருக்கு ப்ராக்ஸி இருக்கறது தெரியும், சைட் பேர நேரா அதுகிட்டயே குடுத்து "கனெக்ட்"னு கேக்கும், டிஎன்எஸ் பாக்கறது (சைட் பேருக்கு ஐபி தேடறது) ப்ராக்ஸி வேல. ட்ரான்ஸ்பரன்ட்னா ப்ரவுசருக்கு ஒன்னுமே தெரியாது, டிஎன்எஸ அது தானே பாத்துக்கும், 407னு பாஸ்வேர்ட் கேக்கவும் முடியாது. இந்த வித்தியாசத்த வெச்சு மட்டுமே ரெண்டு மூணு கேள்வி எதிர்பாக்கலாம்.

அதுக்கு மேல எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன், பூட்டி வர்ற ட்ராஃபிக்க நடுல திறந்து பாக்கறது. ப்ரவுசர் நம்மள நம்பறதுக்கு நம்ம சிஏ சர்டிஃபிகேட்ட எல்லா மெஷின்லயும் குரூப் பாலிசி (விண்டோஸ்ல ஒரே இடத்துல இருந்து எல்லாருக்கும் செட்டிங் அனுப்பறது) வழியா தள்ளணும், பேங்க் சைட்ட விலக்கி வெக்கணும், சர்டிஃபிகேட்ட இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கற ஆப் சிலது என்ன பண்ணாலும் வேல செய்யாது, அதையும் பைபாஸ்ல போடணும். யுடிபி 443ய ப்ளாக் பண்ண மறந்துட்டா க்விக் (ப்ரவுசர் யுடிபில பேசற முறை) வழியா ட்ராஃபிக் ப்ராக்ஸிய தொடாமலே நைஸா நழுவிடும். எல்லாம் சரியா பண்ணியும் ப்ளாக் பண்ண வீடியோ சைட் ஓடுதுன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பாக்கறது இததான்.

கேள்வி: லேப் போட காசு இல்ல. லேப்டாப்ல 8 ஜிபி ரேம் தான். (வாசகர், திருச்சி)

பதில்: போதும். ஃபோர்டிகேட் விஎம் (லேப்டாப்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர் ஃபயர்வால்) இலவச ட்ரையல்ல 1 சிபியு, 2 ஜிபி ரேம், 3 இன்டர்ஃபேஸ், 3 பாலிசி, 3 ரூட் தான் குடுப்பான். கஞ்சத்தனம்னு திட்டாதீங்க, மூணே பாலிசிக்குள்ள ஒரு ஆஃபீஸ அடக்கணும்னு உக்காந்தா வரிசைனா என்னன்னு தானா விளங்கிடும். அவங்க வீடியோ பாடமும் சும்மாவே கிடைக்குது.

ப்ராக்ஸிக்கு ஒரு லினக்ஸ்ல ஸ்க்விட் (இலவச ப்ராக்ஸி சாஃப்ட்வேர்) போடுங்க, போர்ட் 3128. ஒரே வரில எழுதின ஏசிஎல் (யாரு, எந்த சைட்டுங்கற மாதிரி நிபந்தனை) எல்லாமே மேட்ச் ஆகணும், ஒரு ஏசிஎல்குள்ள இருக்கற மதிப்புல ஏதாவது ஒன்னு ஆனா போதும். எந்த வரியும் மேட்ச் ஆகலன்னா கடைசி வரிக்கு நேர் எதிரா முடிவு எடுக்கும், அதாவது கடைசில ஒரு சைட்ட டினை பண்ணிட்டு விட்டீங்கன்னா மத்ததுக்கெல்லாம் கதவு திறந்து கிடக்கும். அதனால கடைசில "டினை ஆல்" போட்டுட்டு ஆக்சஸ் லாக்க டெய்ல் (புதுசா விழற வரிய காட்டற கமாண்ட்) போட்டு பாத்துட்டே ப்ரவுஸ் பண்ணுங்க, 403 (அனுமதி இல்ல) எப்ப வருது 407 எப்ப வருதுன்னு ஒரு சாயங்காலத்துல பிடிபட்டுடும்.

கேள்வி: டம்ப் வாங்கி பாஸ் பண்ணிட்டு அப்புறம் வேலைல கத்துக்கலாம்ல? (பெயர் வேண்டாம்)

பதில்: டம்ப்ங்கறது பரிட்சைல வந்த நிஜ கேள்விய திருடி விக்கறது. அத வெச்சு பாஸ் ஆகலாம், மாட்டினா சர்டிஃபிகேட்ட ரத்து பண்ணி திரும்ப எழுதவும் விடமாட்டாங்க. அத விடுங்க, வேலைல கத்துக்கறதுனா என்னன்னு என் கதையே சொல்றேன். ஒரு கம்பெனில ராத்திரி பதினோரு மணிக்கு வீட்ல இருந்தே பிராஞ்ச் ஃபயர்வால்ல "தேவையில்லாத" ரூல சுத்தம் பண்ணேன், நான் உள்ள வர்ற ரூலும் அதுலயே இருந்துச்சு. அப்ளை பண்ண அடுத்த செகண்ட் ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுச்சு. பைக் எடுத்துட்டு மழைல போய், வாட்ச்மேன எழுப்பி, கன்சோல் கேபிள் சொருகி சரி பண்ணும்போது மணி ரெண்டு. ஜூனிப்பர் கம்பெனி ஃபயர்வால்ல "கமிட் கன்ஃபர்ம்ட்"னு ஒன்னு இருக்கு, பத்து நிமிஷத்துக்குள்ள திரும்ப உறுதி பண்ணலன்னா பழைய செட்டிங்குக்கு தானா போயிடும். அத அன்னைக்கு அப்புறம்தான் படிச்சேன், எங்ககிட்ட இருந்தது வேற பாக்ஸ்ங்கறது தனி சோகம்.

கேள்வி: ஒரு தடவ பாஸ் பண்ணா ஆயுசுக்கும் செல்லுமா? (வாசகர், சேலம்)

பதில்: செல்லாது. சிஸ்கோ 3 வருஷம், ஃபோர்டிநெட் 2 வருஷம். பரிட்சை பேரையும் அடிக்கடி மாத்துவாங்க, ஃபோர்டிகேட் சர்டிஃபிகேஷன் என்எஸ்இ 4னு இருந்தத 2023ல எஃப்சிபினு ஆக்கினாங்க, அதனால ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அவங்க சைட்ல இப்ப என்ன பேரு, எந்த வெர்ஷன்னு பாத்துடுங்க. ரென்யூவல் காச கம்பெனிய கட்டச் சொல்லுங்க, கேக்காம அவங்களா தரமாட்டாங்க.