வாசகர் கேள்வி: திறக்க மறுக்கும் போர்டிங் பாஸ்

கேள்வி: என் பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் உபுண்டு டச் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். சென்ற முறை டெல்லிக்குச் செல்ல வெப் செக்-இன் செய்தபோது, பெயரின் இறுதியில் ‘பிகேபாஸ்’ என்றிருந்த ஒரு கோப்பு மட்டுமே மின்னஞ்சலில் வந்தது. அதைத் திறக்க முடியவில்லை. அடுத்த மாதமும் பயணம் இருக்கிறது. இதற்காக வேறு கைபேசி வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். உங்களைப் போல ஆப்பிளும் கூகுளும் வகுத்த பாதைக்கு வெளியே கைபேசி வைத்திருப்பவர்கள் இந்தக் கோப்பின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் போதும்.

2012-இல் ஐஓஎஸ் 6 உடன் ஆப்பிள் வெளியிட்ட பாஸ்புக் செயலிக்காக உருவான கோப்பு வகை இது. அந்தச் செயலிதான் 2015 முதல் வாலட் என்று அழைக்கப்படுகிறது. பூட்டு எதுவும் இல்லாத சாதாரண ஜிப் கோப்புதான் இது. கணினியில் இதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் இறுதியில் ‘ஜிப்’ என்று மாற்றி விரித்தால், நிறுவனத்தின் சின்னம் போன்ற சில படங்களோடு ‘பாஸ்.ஜேசன்’ என்ற உரைக்கோப்பும் கிடைக்கும். அதில் ‘பார்கோடு’ என்ற பகுதியில் ‘மெசேஜ்’ என்பதற்கு எதிரே இருக்கும் ஒற்றை வரிதான் உங்கள் போர்டிங் பாஸ்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்த அந்த வரியில் கட்டாயப் பகுதி 60 எழுத்துகள் கொண்டது. பெயருக்கு 20 இடங்கள், பிஎன்ஆருக்கு 7, புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் மும்மூன்று, பயண நாளுக்கு 3 என ஒவ்வொன்றுக்கும் இடம் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. நாள்கூட ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாகவே இருக்கும். லீப் ஆண்டல்லாத ஆண்டில் மார்ச் 1 என்றால் 060. பெயர் சிறியதாக இருந்தால் மீதி இடங்கள் வெற்றிடங்களால் நிரப்பப்படும். அவை வீண் இடைவெளிகள் என்று எண்ணி நகலெடுக்கும்போது ஒன்றிரண்டை விட்டுவிட்டால், அடுத்துள்ள விவரங்கள் எல்லாம் இடம் நகர்ந்துவிடும். வாயிலில் உள்ள ஸ்கேனரால் அவற்றைச் சரியாகப் படிக்க முடியாது.

ஆகவே, கையால் நகலெடுப்பதைவிட, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் கேடிஇ என்ற குழுவினர் இலவசமாக வழங்கும் ஐட்டினரரி என்ற மென்பொருளையே நான் பரிந்துரைப்பேன். லினக்ஸ் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இயங்கும் இது, பிகேபாஸ் கோப்பைத் திறந்து பார்கோடைத் திரையில் காட்டும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். கைபேசிகளுக்கான பாஸ்களில் பெரும்பாலும் நடுவே சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும் ஆஸ்டெக் குறியீடோ, க்யூஆர் குறியீடோ இருக்கும். எதுவாக இருந்தாலும் ஓரங்களை வெட்டாமல், திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுங்கள். கேட் எண் அந்த 60 எழுத்துகளில் இல்லை. கடைசி நேரத்தில் கேட் மாறினாலும் படம் தானாக மாறாது என்பதால், விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் கோப்பைப் படமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் முன்பின் தெரியாத இணையதளங்களில் அதைப் பதிவேற்றாதீர்கள். உங்கள் பெயரும் பிஎன்ஆரும் அதற்குள் வெளிப்படையாக இருக்கின்றன; பல விமான நிறுவனங்களின் தளங்களில் அந்த இரண்டைக் கொண்டே முன்பதிவைத் திறந்துவிடலாம். பார்கோடு தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்வதிலும் இதே ஆபத்து உண்டு.

கேள்வி: இவ்வளவும் செய்ய இயலாத முதியவர்கள் கவுன்ட்டரில் காகிதப் பாஸ் கேட்டால் பணம் கேட்பார்களா?
– வாசகி, திருச்சி

பதில்: கேட்கக் கூடாது. செக்-இன் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் வழங்குவதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் தெளிவுபடுத்தியது. வெளிநாட்டு நிறுவனங்களில் பயணம் செய்வோர் மட்டும் முன்கூட்டியே விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் வீட்டில் அச்சிட்ட பாஸை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆயினும், இணையத்தில் செக்-இன் செய்துவிட்ட ஒருவரின் கைபேசி வழியில் அணைந்துபோனால், விமான நிலையத்தில் இலவசமாகப் பாஸ் தருவதாக அது அறிவித்திருக்கிறது. பிகேபாஸோடு ஒரு பிடிஎஃப் கோப்பையும் சேர்த்து அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் பெரிய சுமையல்ல. அதை எல்லா நிறுவனங்களும் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உங்களுக்கு அது வரவில்லையென்றால், அவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேளுங்கள்.