காப்பகத்துக்குப் பழைய புடவை எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் மாதர் சங்கத்தில் 22 பேர் இருக்கிறோம். பொங்கலுக்கு வீடு வீடாகப் போய்ப் புடவை, குழந்தைத் துணி என்று ஒன்பது மூட்டை சேர்த்தோம். புருஷனிடம் அடி வாங்கி வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் ஒரு காப்பகத்துக்குப் போன் செய்தால், துணி வேண்டாம் என்கிறார்கள். முகவரியும் தர மாட்டார்களாம், நேரில் வந்து பார்க்கவும் கூடாதாம். உதவ வருகிறவர்களை இப்படியா நடத்துவது?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் அவர்கள் பக்கம்தான்.

சில வருஷம் முன்பு நானும் இப்படி மூன்று மூட்டை கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன்: கொக்கி இல்லாத ஜாக்கெட்டுகள், ஜிப் போன நைட்டி, கரை கிழிந்த பட்டு, ஒற்றைக் கால் சாக்ஸ். இருக்கிற இரண்டே ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க அதைப் பிரித்து, பாதிக்கு மேல் குப்பை வண்டியில்தான் போட்டார்கள். கட்டிய துணியோடு வருகிறவளுக்குத் துணி வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது புதுசாக இரண்டு செட் உள்ளாடை, ஒரு நைட்டி, நாப்கின், செருப்பு. செருப்பை யாரும் யோசிப்பதே இல்லை, ராத்திரியில் ஓடி வருகிறவள் எங்கே நின்று செருப்பு மாட்டுவாள்?

முகவரி விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பது உங்களை அவமதிக்க அல்ல. தேடிக்கொண்டு வருகிறவன் கத்தியோடுதான் வருவான் என்று இல்லை, ஸ்வீட் பாக்ஸோடு அவனுடைய சித்தப்பா வருவார். நீங்கள் ஆசையாக எடுக்கும் குரூப் போட்டோவில் பின்னால் ஒரு மெடிக்கல் ஷாப் போர்டு தெரிந்தால் போதும். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் செம்பூரில் போட்டது பத்து நிமிஷத்தில் டோம்பிவிலி போய், அங்கிருந்து திருநெல்வேலியும் போய்விடும்.

சரி, வேறு என்ன செய்யலாம்? ஆளுக்கு மாதம் 300 ரூபாய் போட்டால் 6,600 ஆகிறது. அதை அரிசி, எண்ணெய், கேஸ் சிலிண்டர் என்று மாதாமாதம் தவறாமல் கொடுங்கள், அவர்களுடைய அலுவலகத்தில் இறக்கினால் போதும். பொங்கலுக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள், ஜூலை மழையில்தான் டப்பா காலியாகிறது.

அதைவிட அருமையான உதவி ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து, இந்தி நாலு வார்த்தைக்கு மேல் தெரியாத பெண்கள் இங்கே எத்தனை பேர்! ஆலோசகர் மராத்தியில் கேட்பார், இவள் தமிழில் அழுவாள். “மாமியார் அடிக்கச் சொன்னார்” என்று இவள் சொன்னது “மாமியார் அடித்தார்” என்று எழுதப்பட்டால், பிறகு கோர்ட்டில் அந்த ஒரு சொல்லை வைத்தே எதிர்த்தரப்பு வக்கீல் இவளைப் பொய் சொல்கிறவளாக்கிவிடுவார். மராத்தியும் தமிழும் தெரிந்து, கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு பேர் உங்கள் 22 பேரில் இருந்தால், அவர்கள் பெயரைக் காப்பகத்தில் கொடுத்து வையுங்கள். வெளியே சொல்லாதவர்கள் என்பதில்தான் கொஞ்சம் சிரமம் இருக்கும், தெரியும்.

கேள்வி: பக்கத்துக் கோலியில் (அறையில்) தினம் ராத்திரி அடி சத்தம் கேட்கிறது. அந்தப் பெண் காலையில் தண்ணீர் பிடிக்க வரும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறாள். நான் புகார் கொடுத்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்களா?
– பெயர் வேண்டாம், தாராவி

பதில்: 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவே உங்களுக்காக எழுதியதுதான். வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள யார் வேண்டுமானாலும், அந்தச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. அடி விழுந்துகொண்டிருக்கும்போது என்றால் 112. மற்ற நேரத்தில் பெண்களுக்கான 181.

ஆனால் முதலில் அவளிடம் பேசுங்கள். உங்களுக்குத்தான் தண்ணீர் வரிசை இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் ஏது? “ஏன் பொறுத்துக்கொள்கிறாய்” என்று ஆரம்பிக்காதீர்கள். “ராத்திரி எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டு” என்று மட்டும் சொல்லுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) சொல்வது: உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 100-க்கு 14 பேர்தான் யாரிடமாவது உதவி கேட்டிருக்கிறார்கள். அதனால் அவள் உடனே பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடாதீர்கள்.

அவள் கேட்டால், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தாராவியிலேயே ஸ்நேஹா அமைப்பு ஆலோசனை தருகிறது. காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயே கேட்டு உதவ, மாநகராட்சி மருத்துவமனைகளில் ‘திலாசா’ மையங்கள் இருக்கின்றன. முதல் மையம் பாந்த்ரா பாபா மருத்துவமனையில் வந்தது. போலீஸ் என்றால் பயப்படுகிறவளுக்கு, போலீஸோடு சேர்ந்து சமூகப் பணியாளர்கள் நடத்தும் ஸ்பெஷல் செல் மும்பையில் 1984 முதல் இருக்கிறது.

கேள்வி: தங்கை குழந்தையோடு வந்துவிட்டாள். “காப்பகம் எல்லாம் நாதியற்றவர்களுக்கு, நீ போய் அனுசரித்து நட” என்கிறார் அம்மா. என்ன செய்ய?
– ஒரு அண்ணன், சயான்

பதில்: அம்மாவை உட்காரவைத்து, தங்கையின் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வக்கீலைப் பாருங்கள். புருஷன் வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு (குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 17-வது பிரிவு). அவனை வெளியேறச் சொல்லியும் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் போடலாம். உங்கள் வீட்டிலேயே ஒரு மூலை இருக்கிறது என்றால் காப்பகம் எதற்கு? அம்மா தினம் ‘போ போ’ என்பாரானால், காப்பகமே தேவலை.

கேள்வி: மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை செய்கிறேன். ஒரு தாய், டிசி இல்லாமல் இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறார், நடு வருஷம். காப்பகத்தில் இருக்கிறாராம். சேர்க்கலாமா?
– ஓர் ஆசிரியை

பதில்: தாராளமாக. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டிசி தாமதமாகிறது என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. கவனிக்க வேண்டியது வேறு: பழைய பள்ளிக்கு டிசி கேட்டு உங்கள் பள்ளிப் பெயரோடு கடிதம் போனால், அது அப்பா காதுக்குப் போய்விடும். தாயைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். அப்பா வாசலில் வந்து நின்றால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள், அவரும் பெற்றவர்தானே. அதனால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவில் பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவை வாங்கச் சொல்லி, நகலை அலுவலகத்தில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ரூம்-கிச்சனை வாடகைக்கு விடுகிறோம். காப்பகத்திலிருந்து வெளியே வந்து, சமையல் வேலை செய்யும் ஒரு பெண் கேட்கிறார். ஏஜெண்ட், வேண்டாம் என்கிறார். புருஷன் வந்து கலாட்டா செய்தால்?
– டோம்பிவிலி வாசகர்

பதில்: சார், காப்பகத்தில் எத்தனை நாள்தான் இருப்பார்கள்? வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒன் ஸ்டாப் சென்டரில் பொதுவாக ஐந்து நாள். மற்ற இடங்களில் கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் ஒருநாள் பெட்டியைத் தூக்கத்தான் வேண்டும். தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் இல்லை என்று நாலு ஏஜெண்ட் சொன்னதும், வேறு வழியில்லாமல் அவனிடமே திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

புருஷன் தொந்தரவு செய்யக் கூடாது என்று மாஜிஸ்திரேட் போடும் பாதுகாப்பு உத்தரவு அந்தப் பெண்ணிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு நகலை சொசைட்டி வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள். அதைப் புருஷன் மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றபடி எல்லாக் குடித்தனக்காரரையும் போல 11 மாத ஒப்பந்தம், போலீஸ் வெரிஃபிகேஷன். டெபாசிட்டை ஒரே தடவையில் அவரால் புரட்ட முடியாது. செம்பூர்ச் சங்கத்துக்காரர்களே, இதைப் படிக்கிறீர்களா? ஒன்பது மூட்டைத் துணியை வண்டி வைத்து அனுப்பும் செலவை இந்த டெபாசிட்டில் போடலாமே. இரண்டு தரப்பும் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், பேசிவைக்கிறேன். வாடகையில் மட்டும் ஐந்நூறு குறைக்கச் சொல்வேன் சார், இப்போதே சொல்லிவிட்டேன்.