ஆச்சியின் நான்கு வரிகள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள், மாவட்டப் பேச்சுப் போட்டியில் 'வ.உ.சி.யும் தொழிலாளரும்' என்ற தலைப்பில் பேசும்போது பாதியில் மறந்துபோய் நின்றுவிட்டாள். பயிற்சியாளர் எழுதித் தந்த உரையை நன்றாக மனப்பாடம் செய்திருந்தாள். பீடி சுற்றும் என் மாமியாரைப் பற்றி அவளாக எழுதிய நான்கு வரிகளை மட்டும், மேடைக்கு நன்றாயிராது என்று எடுத்துவிட்டோம். அவளுடைய மேடைப் பயம் போக வழி சொல்லுங்கள்.
- வாசகி, முக்கூடல்

பதில்: அம்மா, பயத்தைப் பிறகு பார்ப்போம். அந்த நான்கு வரிகளை ஏன் எடுத்தீர்கள்?

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டவை கூலி உயர்வும் வார விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும். அவர்களுக்காக மேடை ஏறியவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். அந்த வரலாற்றைப் பேசும் இடத்தில், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வீட்டை நடத்திய ஒரு பெண்ணுக்கு இடமில்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? தலைப்பைப் பயிற்சியாளரைவிட உங்கள் மகளே சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

இரவல் உரையில் ஒரு சொல் தவறினால் அடுத்த சொல்லும் கிடைக்காது. தான் கண்டதைச் சொல்லும் பிள்ளை, ஒரு சொல் மறந்தால் வேறு சொல்லை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குச் சோறு போட்ட உழைப்பை ஊரார் முன் மறைக்க வேண்டும் என்று பெற்றவளே கற்றுக்கொடுக்கலாமா? மடியில் சுளகை வைத்து, இலையில் தூளை இட்டுச் சுற்றிய கைகளுக்குப் பேத்தி செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அவள் அதைச் செய்ய முன்வந்தாள், நீங்கள் தடுத்தீர்கள். பொங்கலன்று மாமியார் காலில் விழுவதை மட்டும் மரியாதை என்று நான் ஏற்க மாட்டேன்.

அடுத்த போட்டிக்கு முன் அவள் ஆச்சியின் பக்கத்தில் உட்காரட்டும். எந்த வயதில் சுற்றத் தொடங்கினார், கடையில் எத்தனை பீடியைச் சரியில்லை என்று கழித்தார்கள், கூலி உயர்வு கேட்டு எப்போதாவது போராடினாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். உரையை அவளே எழுதி, குறிப்புகளை மட்டும் மனத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில், கடிகாரம் பார்த்துப் பேசிப் பழகட்டும். பயிற்சியாளர் உச்சரிப்பையும் நேரத்தையும் கவனித்தால் போதும். எடுத்த வரிகளைத் திரும்பச் சேர்க்கும்படி நீங்களே, உங்கள் மாமியார் காதுபட, மகளிடம் சொல்லுங்கள்.